குணம் மாறிப்போச்சு என்று நினைத்தோம்: உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். கையெழுத்து வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும். லெவோடோபா கொடுத்தார்கள். பிறகு அதோடு பிரமிபெக்சோல் என்ற மாத்திரையையும் சேர்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நடை நன்றாகவே தேறியது. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாலைந்து மாதம் கழித்து, கட்டிலுக்கடியில் பெருக்கப்போன அம்மா கூப்பிட்டார். பிரிக்காத கைக்கடிகாரப் பெட்டிகள், பதினொன்று. பேருந்துச் சீட்டைக்கூட நோட்டில் ஒட்டிக் கணக்கு வைத்த மனுஷன் அவர். அடுத்த வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ராத்திரி முழுக்க தூங்காமல் போனில் பணம் கட்டிச் சூதாடியிருக்கிறார். சேமிப்பில் பாதி போய்விட்டது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். நான் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "வயசான காலத்துல புத்தி இப்படிப் போகணுமா" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேண்டாம்னு தெரியுதும்மா, ஆனா கை போயிடுது" என்றார். அந்த வார்த்தையை நான் காதில் வாங்கவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போனபோது, அவராகவே கேட்டார்: "சமீபமா நிறைய வாங்குறாரா? சூதாட்டம், அதிகச் சாப்பாடு, அந்த மாதிரி ஏதாவது?" எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். நடுமூளையில் கருமையாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கேயுள்ள நரம்பு செல்கள் டோபமைன் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரந்து, அசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சனில் அழிவது முக்கியமாக இவைதான். பக்கத்திலேயே இன்னொரு டோபமைன் பாதை ஓடுகிறது. "இது வேணும், இன்னொரு தடவை பார்க்கலாம்" என்ற உந்துதலை அதுதான் தருகிறது. அந்தப் பாதை அவ்வளவாகப் பழுதாவதில்லை. குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டத்தான் மாத்திரை, ஆனால் அதற்கு இடம் பார்த்துப் போகத் தெரியாது. நடைக்குச் சரியாக இருக்கிற அளவு, ஆசைப் பாதைக்கு அளவு மீறியதாகிவிடுகிறது. பிரமிபெக்சோல் டோபமைனைப் போலவே நடித்து, செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் உட்காரும் மருந்து. அதுவும் அந்த ஆசைப் பாதையில் நிறைந்திருக்கும் டி3 ஏற்பியில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இப்படி அடக்க முடியாத உந்துதல் இருந்தது, எடுக்காதவர்களில் 7 சதவீதம். இவ்வளவு தெரிந்த விஷயத்தை மாத்திரை எழுதிக்கொடுத்த அன்றைக்கே எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அளவை மெதுவாகக் குறைத்தார்கள். ஆறேழு வாரத்தில் அப்பா திரும்பி வந்தார்.

* * *

உங்கள் அப்பா சொன்ன "கை போயிடுது" என்ற வார்த்தை எனக்குப் புரிகிறது. எனக்குச் சிரித்தால் கால் போய்விடும்.

பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது. யாராவது நல்ல ஜோக் சொன்னால் முதலில் தாடை தளரும், கழுத்து தொங்கும், பிறகு முட்டி மடங்கி அப்படியே சரிவேன். நினைவு தப்பாது. சுற்றி நிற்பவர்கள் "நடிக்கிறா" என்று பேசுவதெல்லாம் காதில் விழும், வாய் திறந்து பதில் சொல்லத்தான் முடியாது. பகலில் தூக்கம் வேறு கண்ணைச் சொருகும். சோம்பேறி என்ற பெயர் எட்டு வருஷம் நிலைத்தது.

பெயர் நார்கோலெப்ஸி. விழித்திருக்க வைக்கும் ஒரெக்சின் என்ற பொருளை 1998-இல்தான் கண்டுபிடித்தார்கள். 2000-இல், இந்த நோயாளிகளின் மூளையில் அதைச் சுரக்கும் செல்கள் ஏறக்குறைய காணாமலே போயிருப்பதைப் பார்த்தார்கள். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். ஒரெக்சின் செல்கள் ஒரு லட்சம்கூட இல்லை. அந்தக் கைப்பிடி அளவு போனதற்கே, கனவுத் தூக்கத்தில் தசைகளைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு விழித்திருக்கும்போதே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. நான் வருஷக்கணக்காகச் சிரிக்காமல் இருக்கப் பழகினேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள்.

* * *

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தவன் நான். ஒன்பதாம் நாள் "இது வேலைக்கு ஆகாது" என்று டாக்டரிடம் கேட்காமலே நிறுத்திவிட்டேன். மாத்திரை எடுத்ததும், மூளைச் செல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் சில மணி நேரத்திலேயே கூடிவிடுமாம். ஆனால் அதற்கேற்ப ஏற்பிகளும் இணைப்புகளும் தங்களை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கு ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் முறை பொறுத்திருந்தேன். நான்காம் வாரம் ஒரு காலையில், யாரும் சொல்லாமல் நானாகவே எழுந்து பல் தேய்த்தேன். அவ்வளவுதான் அறிகுறி.

ஒன்று சொல்லவேண்டும். "செரோடோனின் குறைவு, அதனால் சோகம்" என்று ஒரே வரியில் சொல்வதை நம்பவேண்டாம். அப்படி நேர்க்கணக்கு எதுவும் நிரூபணமாகவில்லை.

* * *

முதலில் எழுதியவள்தான். தனிச்செய்தியில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: அந்தப் பிரமிபெக்சோல் மாத்திரையை நாமே நிறுத்தலாமா? தயவுசெய்து நிறுத்தாதீர்கள். குறைக்கும்போதே அப்பாவுக்குப் படபடப்பு, வியர்வை, காரணமில்லாத அழுகை எல்லாம் வந்தது. பழகிப்போன மூளைக்கு அதைத் திடீரென்று எடுத்தால் தாங்காது. மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி குறையுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், நீங்களே மெதுவாகக் கேளுங்கள்.

கடிகாரங்களில் பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஒன்று மட்டும் அம்மா வைத்துக்கொண்டார். கொக்கி மாட்ட அப்பாவுக்கு விரல் ஒத்துழைக்காது, தினமும் காலையில் அம்மாதான் கட்டிவிடுகிறார்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். அப்பா அப்போது பழைய ரேடியோவைக் கழற்றி, திருகாணிகளை வரிசையாக அடுக்கி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டே இருப்பார். அதுவும் இதே மருந்தால் வரக்கூடியதாம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி வந்திருந்தால், எத்தனை நாளில் அடங்கியது என்று எழுதுங்கள்.