உதவி: கெளுத்தி வயிறு உப்பியிருக்கிறது, சினையா நோயா?

புதுத்தொட்டி:
அவசரம் நண்பர்களே. என் கெளுத்தி ஒன்றுக்கு வயிறு உப்பிவிட்டது. கண்ணும் சிவப்பு. மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குகிறது. சினை மீனா, நோயா? என்ன மருந்து போடலாம்?

மாடித்தொட்டி:
எந்தக் கெளுத்தி? கண்ணாடியில் வாயால் ஒட்டும் சக்கரா, அடியில் மேயும் சின்னக் கோரியா (கோரிடோராஸ்)? தொட்டி எவ்வளவு பெரியது? தண்ணீர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? படம் போடுங்கள்.

கெண்டைப்பிரியன்:
ஆண் பெண் பார்ப்பது சுலபம் ப்ரோ. மூக்கில் கிளைகிளையாகக் கொம்பு முளைத்திருந்தால் ஆண்.

நீர்க்கீரி:
அது பிரிசில்நோஸ் சக்கருக்கு. எந்த மீன் என்றே தெரியாமல் பதில் சொல்லாதீர்கள். கேட்பவரும் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. எல்லாம் எழுதியாகிவிட்டது.

புதுத்தொட்டி:
மன்னிக்கவும். வெள்ளைக் கோரி, மூன்று இருக்கின்றன. 2 அடித் தொட்டி, கூடவே நிறைய கப்பி மீன்கள். போர் தண்ணீர், அடியில் கலர் கல். மேலிருந்து எடுத்த படம் இணைத்துள்ளேன்.

மாடித்தொட்டி:
அல்பினோவுக்கு, அதாவது நிறமி இல்லாத வெள்ளை மீனுக்கு, கண் பிறவியிலேயே சிவப்பு, பயப்பட வேண்டாம். கோரியை மேலிருந்து பார்ப்பதுதான் சரி. பெண் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அகன்றிருக்கும், ஆண் ஒல்லி. வயிற்றுத் துடுப்பையும் பாருங்கள்: ஆணுக்குக் கூர்மை, பெண்ணுக்கு விசிறி மாதிரி அகலம். முட்டையிடும்போது அந்தத் துடுப்புகளைச் சேர்த்து அதற்குள்தான் முட்டையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் குண்டு மீன் பெண்தான். சாப்பிடுகிறதா?

புதுத்தொட்டி:
குண்டு நன்றாகச் சாப்பிடுகிறது.

கெண்டைப்பிரியன்:
எதற்கும் கல்லுப்பு போட்டுவிடுங்கள். எந்த நோயும் நிற்காது.

கொளத்தூர்வாசி:
வேண்டாம்! கோரி செதில் இல்லாத மீன், உப்பு ஆகாது. எங்கள் ஏரியா மீன் கடைகளில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

நீர்க்கீரி:
செதில் இல்லை, ஆனால் உடம்பு முழுக்க எலும்புத் தகடு இரண்டு வரிசை. அதனால் டிராப்ஸி (உடம்பில் நீர் கோத்து வீங்குவது) வந்தாலும் செதில் சிலிர்க்கும் என்று காத்திருக்கக் கூடாது. கண் பிதுங்குவது, தீனி மறுப்பது, இதைத்தான் பார்க்க வேண்டும். உப்பு விஷயத்தில் இருவரும் பாதிதான் சொல்கிறீர்கள். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளில், நைட்ரைட் ஏறினால் கொஞ்சம் உப்பு உதவும். அமோனியாவுக்கு உதவாது.

கெண்டைப்பிரியன்:
வருஷக்கணக்கில் போடுகிறேன் அண்ணா, ஒன்றும் ஆனதில்லை.

கொளத்தூர்வாசி:
உங்களிடம் இருப்பது மோலி மீன். மோலி உப்பில் வாழும். கோரியும் மோலியும் ஒன்றா?

மாடித்தொட்டி:
உப்புச் சண்டை போதும். படத்தில் குண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒல்லியைப் பாருங்கள். அதன் மீசை எங்கே? இரண்டு பக்கமும் தேய்ந்து மொட்டையாக இருக்கிறது, தொண்டைக்குக் கீழே சிவந்தும் இருக்கிறது. கல்லுக்கு இடையில் தீனி அழுகி அழுக்கு தங்கினால் இப்படித்தான் ஆகும். கோரி குடலாலும் மூச்சு விடும், எப்போதாவது மேலே போய் வந்தால் கவலையில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடினால் தண்ணீர் சரியில்லை. மேலே ஓடுவது எது?

புதுத்தொட்டி:
இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். அடிக்கடி ஓடுவது ஒல்லிதான். செவுள் வேகமாக அடிக்கிறது.

மாடித்தொட்டி:
அப்படியானால் நோயாளி அதுதான். மருந்து எதுவும் வேண்டாம். அமோனியா டெஸ்ட் செய்யுங்கள். போர் தண்ணீரில் பிஎச் (அமில-கார அளவு) கூடுதலாக இருந்தால் கொஞ்சம் அமோனியாவே கடுமையாகத் தாக்கும். தண்ணீரைப் பாதி மாற்றுங்கள், புதுத் தண்ணீர் அதே சூட்டில் இருக்கட்டும். ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள், வெயில் காலத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். ஒல்லியை வேறு தொட்டிக்கு மாற்றுவதானால் வலை வேண்டாம், துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும். டம்ளரில் மொண்டு எடுங்கள். பிறகு கல்லை எடுத்துவிட்டு நைசான மணல் போடுங்கள். மீசை பெரும்பாலும் திரும்ப வளரும்.

நீர்க்கீரி:
சரியாகச் சொன்னீர்கள். கோரியைக் கூட்டமாக, ஆறு வைத்தால்தான் நல்லது. ஆனால் தண்ணீர் தேறும்வரை புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள்.

புதுத்தொட்டி:
அமோனியா 1 காட்டியது. பாதி மாற்றிவிட்டேன். ஒல்லி இப்போது கீழேயே இருக்கிறது, தீனி இன்னும் எடுக்கவில்லை. டூட்டிக்குக் கிளம்புகிறேன், நன்றி.

மாடித்தொட்டி:
நாளைக்கும் டெஸ்ட் எடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா? அதில் இருக்கும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா போயிருக்கலாம்.