குச்சி வெட்டும் முன் அடியில் கிடக்கும் சீட்டைப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் இருந்து எழுதுகிறேன். போன வருடம் ஜூனில் நடந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் ரோஜா மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண், அவரும் "வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டார். பூத்து முடிந்த கிளையாகப் பார்த்து, பென்சில் கனத்தில், நாலு கணு இருக்கிற மாதிரி ஏழு குச்சி வெட்டினேன். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அடியைச் சோற்றுக்கற்றாழையில் முக்கி நட்டு, அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தேன். ஆறாவது வாரம் லேசாக இழுத்துப் பார்த்தால் ஐந்து குச்சி வராமல் பிடித்துக்கொண்டன. வேர் விட்டாயிற்று! யார் யாருக்கு எது என்று தோழிகளின் பெயரைக்கூடத் தொட்டியில் ஒட்டிவிட்டேன்.

அப்புறம்தான் அந்த அம்மா களை எடுக்கும்போது கிடைத்த பிளாஸ்டிக் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பிபி (PP, அதாவது பிளான்ட் பேட்டன்ட், செடிக் காப்புரிமை) என்று போட்டு ஐந்து இலக்க எண். காப்புரிமைகளைத் தேடும் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் தட்டினால், விண்ணப்பித்து 12 வருடம்தான் ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் செடிக் காப்புரிமை விண்ணப்ப நாளில் இருந்து 20 வருடம். விற்கவில்லை, வீட்டுக்குத்தானே என்றால் அதற்கும் சட்டத்தில் விலக்கு இல்லை. குச்சி, பதியம், ஒட்டு, எதுவானாலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். விதை போட்டு முளைக்க வைத்தால் இந்தத் தடை வராது, ஆனால் அதில் தாய்ச்செடியின் பூவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஐந்தையும் பிடுங்கினேன். வெள்ளை வெளேர் என்று நூல் நூலாக வேர். மனசு வலித்தது. ஆனால் ஆயிரக்கணக்கான நாற்றில் கழித்துக் கழித்து, வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு ரகத்தை எடுக்கிறவருக்கு அந்த 20 வருடத்தில் வருவதுதான் கூலி. அதில் நான் கை வைக்கக் கூடாது. கடையில் அதே ரகத்தில் ஒரு செடி வாங்கிவிட்டேன்.

குச்சியில் வளர்க்க ஆசை என்றால் காப்புரிமை காலாவதியான ரகங்கள் எத்தனையோ உண்டு. நான் இப்போது வளர்ப்பது நியூ டான். உலகின் முதல் செடிக் காப்புரிமையே இந்தக் கொடி ரோஜாவுக்குத்தான், 1931-இல், இதே நியூ ஜெர்சிக்காரர் ஹென்றி போசன்பெர்க் வாங்கியது. இதன் தாய் ரகம் வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும், இது திரும்பத் திரும்பப் பூக்கும். அப்போது காப்புரிமை 17 வருடம், 1948-லேயே முடிந்துவிட்டது.

---

நிலக்கோட்டை பக்கம் எங்கள் ஊர், அக்கா. இங்கே பன்னீர் ரோஜாவைக் காலங்காலமாகப் போத்து வெட்டித்தான் நடுகிறோம், யாரும் யாரையும் கேட்பதில்லை. புது ஒட்டு ரகங்களுக்கும் உங்கள் ஊர் மாதிரிதானா?

---

இல்லை தம்பி, இந்தியாவில் சட்டம் வேறு. அங்கே செடிக்குப் பேட்டன்ட் கிடையாது, 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம்தான். பதிவான ரகத்தையும் விவசாயி சேமிக்கலாம், நடலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ரகத்தின் பெயரைப் போட்டு பிராண்டாக விற்கத்தான் கூடாது. பன்னீர் ரோஜாவுக்கு எந்தக் கவலையும் வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள்.

இங்கே நியூ ஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் வேண்டுமானால் சொல்லுங்கள், நியூ டானில் எட்டு குச்சி பிடித்திருக்கிறது. முள் கொக்கி மாதிரி இருக்கும், கையுறையோடு வாருங்கள்.