கிளிக்கரை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறான், என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்றரை வயது நாட்டு நாய், பெயர் மணி. குட்டியாக இருந்தபோது ஒரு மழைநாளில் கெடிலம் பாலத்துப் பக்கம் நனைந்து கிடந்தவனைத் தூக்கி வந்தோம். தீபாவளிக்கு எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா கொளுத்தியதிலிருந்து குக்கர் விசிலுக்குக்கூட நடுங்குகிறான். இது தெரிந்தும் நான் நாய் பழக்கும் கிளிக்கர் ஒன்றை, அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி அது, ஆன்லைனில் வாங்கி, முதல் நாளே அவன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நாலைந்து முறை அழுத்திவிட்டேன். கட்டிலுக்கு அடியில் போனவன் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான். இப்போது டிராயரைத் திறந்தாலே ஓடுகிறான். அப்பா வேறு அதை மாடிக்கு எடுத்துப் போய், அவனைக் கூப்பிட அழுத்துகிறார். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனால் மீன் கழிவு கிடக்கும் பக்கமே செயினை இழுக்கிறான், என்னைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கிளிக்கரையே பழக்கலாமா, வாய்ச்சொல் போதுமா?

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, முதலில் அந்தக் கிளிக்கரை ஒரு மாதத்துக்குக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். பயந்த பிள்ளையிடம் அதே சத்தத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கக் கூடாது.

அப்பாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கிளிக்கர் கூப்பிடுகிற மணி இல்லை. 'இப்போது செய்தாயே, இதுதான் சரி, இதோ தீனி வருகிறது' என்று சொல்வதற்கு மட்டும்தான் அது. டால்பின் பழக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அது தண்ணீருக்கு மேலே துள்ளி நிற்கும் நொடியில் வாயில் மீன் கொடுக்க முடியாது, அது திரும்பி வருவதற்குள் எதற்காக மீன் என்பதே அதற்குத் தெரியாமல் போகும், அதனால் துள்ளும்போதே விசில் ஊதிவிட்டு அப்புறம் மீனைக் கொடுத்தார்கள். ஹவாயில் அப்படி டால்பின் பழக்கிய கேரன் பிரையர்தான் பின்னாளில் நாய்க்காரர்களிடம் கிளிக்கரைப் பரவலாகக் கொண்டுவந்தவர். அவருக்கு முன்பே, ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1951ல் எழுதிய கட்டுரையில், கடையில் விற்கும் டிக்டிக் பொம்மையை வைத்தே நாய் பழக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நம் திருவிழாக் கடையில் தகரத் தவளை விற்பார்களே, அந்த இனம்தான்.

சத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தீனி வர வேண்டும், தவறி அழுத்தினாலும் கொடுத்துவிட வேண்டும். மாடியிலிருந்து சத்தம் வந்து தீனி வராமல் போனால் மணிக்கு அதில் நம்பிக்கை போய்விடும். அதைவிட முக்கியம், நேரம். உட்காரச் சொல்கிறீர்கள், பின்புறம் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் சத்தம் வர வேண்டும். ஒரு நொடி தாமதித்து அவன் எழும்போது வந்தால் நீங்கள் எழுவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நான் பழகும்போது நாயே இல்லாமல் என் பையனைப் பந்து போடச் சொல்லி, பந்து தரையில் படும்போது அழுத்திப் பார்ப்பேன். இரண்டு நாள் தப்பாகத்தான் வந்தது. இன்னொன்று, சத்தம் முதலில், கை பைக்குப் போவது அப்புறம். கை முதலில் அசைந்தால் நாய் கையைத்தான் பார்க்கும்.

முத்தியால்பேட்டை:
நான் கிளிக்கர் வாங்கியதே இல்லை, என் இரண்டு சிப்பிப்பாறை நாய்களும் வாய்ச்சொல்லில்தான் பழகின. இத்தாலியில் 51 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016ல் வந்தது. பெட்டியைத் திறக்கக் கிளிக்கர், வாய்ச்சொல், வெறும் தீனி என்று மூன்று குழுவாகப் பழக்கிப் பார்த்தார்கள். கற்றுக்கொண்டதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சொல்லைப் பார்த்து எடுங்கள். 'சரி', 'நல்லா' எல்லாம் வேண்டாம், வீட்டில் போனில் பேசும்போதே நாள் முழுக்க 'சரி சரி' என்றுதானே சொல்கிறோம். என் சொல் 'டக்'. வேறு எதற்கும் அதை வாயில் எடுப்பதில்லை.

லாஸ்பேட்டை அக்கா:
அந்த ஆய்வு ஒரே ஒரு வேலையை வைத்துச் செய்தது, சார். குரலில் நம் அலுப்பும் கோபமும் ஏறிவிடும், கிளிக்கருக்கு எப்போதும் ஒரே குரல். நுணுக்கமாக ஒன்றைப் பழக்க எனக்கு இன்றும் கிளிக்கர்தான். ஆனால் மணிக்கு இப்போதைக்கு 'டக்' நல்லது, அதில் நானும் உங்கள் பக்கம்.

மஞ்சக்குப்பத்தான்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். இன்னொரு குழப்பம். நான் 'சிட்' என்கிறேன், அம்மா 'உக்காரு' என்கிறார், பாட்டி 'குந்து' என்கிறார். தீனிக்குக் கருவாட்டுத் துண்டு கொடுக்கலாமா? அதற்காக அவன் எதையும் செய்வான்.

முத்தியால்பேட்டை:
பாட்டியை மாற்றுவது கஷ்டம், அதனால் எல்லோரும் 'குந்து' என்றே சொல்லுங்கள், நாய்க்கு எந்தப் பாஷையும் ஒன்றுதான். கருவாடு வேண்டாம் தம்பி, உப்பு அதிகம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைப் பச்சைப்பயறு அளவுக்குக் கிள்ளி வையுங்கள். முதலில் 'டக்' சொல்லி உடனே ஈரல், பதினைந்து இருபது முறை, வேறு எதையும் கேட்காமல். சொன்னதும் அவன் உங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால் புரிந்துவிட்டது. அப்புறம் வீட்டுக் கூடம், அதன் பிறகு வாசல், பீச் கடைசியில்தான். மாலையில் வண்டி இல்லையே என்று இங்கே பாண்டி கடற்கரைச் சாலைக்கு என் நாய்களை முதல் வாரமே கூட்டிப் போனேன், பஜ்ஜி வாசனையும் கூட்டமுமாக என் குரல் அவற்றின் காதிலேயே ஏறவில்லை.

லாஸ்பேட்டை அக்கா:
கிளிக்கரிடம் திரும்பி வர ஆசைப்பட்டால் முதலில் அழுத்தினால் டிக்கென்னும் பால்பாயின்ட் பேனா. அடுத்த அறையிலிருந்து, துணியில் சுற்றி, ஒரே ஒரு முறை அழுத்தி ஈரல். காதைப் பின்னால் மடித்தாலோ வாலைச் செருகினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். காதே கேட்காத என் மூத்த பெண் நாய்க்குச் சத்தத்துக்குப் பதில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன், அவளும் அதில்தான் பழகினாள்.

மஞ்சக்குப்பத்தான்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். 'டக்' பிடித்துவிட்டது. இன்று காலை வாசலில் பால்காரர் பைக் சத்தம் கேட்டதும் ஓடப் போனவன் பாதியில் நின்று என் முகத்தைப் பார்த்தான், சொல்லிவிட்டு ஈரலைக் கொடுத்தேன், இன்னொன்று கேட்டுத் தானாகவே குந்தினான். அப்பாவும் இப்போது மாடியிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பேனாவை நாளைக்கு ஆரம்பிக்கப் போகிறேன், அக்கா. அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.