செம்மான் வேட்டைக்கு .243: பேரல் 18 அங்குலமா, 22 அங்குலமா?

கதிர்வேல்: ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸ் மலையில் செம்மானுக்கு .243 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கி வாங்கப் போகிறேன், மாடரேட்டரோடு (சத்தத்தைக் குறைக்க முனையில் மாட்டும் குழாய்). 18 போதுமா, 22 வேண்டுமா?

குன்றன்: 18 எடுங்கள். சாதாரண மாடரேட்டர் முன்னால் 6, 7 அங்குலம் கூட்டும். 22-இல் மாட்டினால் முனை கனத்துவிடும், ஹெதர் புதருக்குள் தவழும்போது இழுக்கும். குட்டைப் பேரல் குறி தப்பும் என்பதும் சரியில்லை. ஒரே தடிமனில் குட்டையானதுதான் விறைப்பு, அதிர்வு குறைவு.

செந்தில்: குறியில் பிரச்சினை இல்லை, சட்டத்தில்தான். அங்கே செம்மானுக்கு, பேரல் வாயில் நொடிக்கு 2,450 அடி வேகமும் 1,750 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். ஆற்றல் கணக்கு: க்ரெயினில் (சிறு எடை அலகு) குண்டின் எடை × வேகம் × வேகம் ÷ 4,50,240. அப்படியானால் 100 க்ரெயின் குண்டு 2,807 அடியில் போயாக வேண்டும். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 2,960 என்பது 24 அங்குல சோதனைப் பேரலில் எடுத்தது. அங்குலத்துக்கு 25, 30 அடி போனால் 18-இல் மிஞ்சுவது 2,780 முதல் 2,810. தேறுமா என்றே சொல்ல முடியாது!

குன்றன்: இதே கணக்கை .308-க்கு (துளை பெரிய ரகம்) போடுங்கள். 150 க்ரெயின், 24-இல் 2,820. 18-இல் 2,670-க்கு இறங்கினாலும் 2,370 அடி-பவுண்டுக்கு மேல். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 200-இல் குண்டின் கூடுதல் இறக்கம் அரை அங்குலம் அளவுதான். பேரலைக் குறை சொல்லாதீர்கள், .243-ஐச் சொல்லுங்கள்.

செந்தில்: அவர் கேட்டதே .243 தானே. துளை சிறியது, வெடிமருந்து மெதுவாக எரியும் ரகம். அதனால் பேரலைக் குறைத்தால் .308-ஐவிட அதிகம் இழக்கும். எரிந்து முடியாத மருந்து வாயில் வெடிப்பதால் சத்தமும் கூடும், மாடரேட்டரின் முதல் தடுப்புத் தட்டு சீக்கிரம் அரிக்கும். பெண் மான் காலம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. அந்தக் குளிரில் சில மருந்துகள் இன்னும் வேகம் குறையும்.

கதிர்வேல்: 22 எடுத்தால் நீளத்துக்கு என்ன வழி?

செந்தில்: பேரலின் மேலேயே பின்னோக்கி உட்காரும் மாடரேட்டர். முன்னால் 3, 4 அங்குலம்தான் நீளும். 22-இல் 2,900 கிடைக்கும். இருந்தாலும் வேட்டைக்குப் பயன்படுத்தும் அதே தோட்டாவில் பத்தைக் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் காட்டும் கருவி) அளந்து, மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள். சராசரியை நம்பாதீர்கள். ஒரே நீளப் பேரல்கள் இரண்டுக்குள்ளேயே 50 அடி வேறுபடலாம்.

குன்றன்: அந்த ரக மாடரேட்டருக்குப் பேரல் தடிமன் பொருந்த வேண்டும், முதலில் அளந்துகொள்ளுங்கள். உள்ளே ஈரம் தங்கும். வேட்டை முடிந்ததும் கழற்றி, பேரலைத் துடைத்து எண்ணெய் பூசி, மாடரேட்டரைத் தனியாக உலர விடுங்கள். மாட்டியபடியே பெட்டியில் வைத்தால் திருகு மரையில்தான் முதலில் துரு பிடிக்கும். நான் இன்னும் 18 அங்குல .308 பக்கம்தான்.