தண்ணீர் இருந்தும் நவரை நெல்லில் இவ்வளவு பதர் ஏன்?

செய்யாறு விவசாயி:
வணக்கம். நவரைக்கு, அதாவது மார்கழி-தையில் தொடங்கும் நெல் பட்டத்துக்கு, கோ 51 ரகம் போட்டேன். சம்பா அறுப்பு மழையில் தள்ளிப்போய், தை பாதியில்தான் நாற்று விட முடிந்தது. கிணற்றில் தண்ணீர் குறையவில்லை, உரமும் நேரத்துக்குப் போட்டேன். சித்திரை பிறக்கும் சமயம் நல்ல கதிர்தான் வந்தது. அறுத்தால் மூன்றில் ஒரு பங்கு பதர், உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. ஏக்கருக்கு 30 மூட்டை எடுத்த நிலத்தில் 20 மூட்டைதான். கருக்காய் (பதர்) அதிகம் என்று வியாபாரி விலையையும் குறைத்துவிட்டார். மருந்துக்கடையில் நாவாய்ப்பூச்சி என்றார்கள், பக்கத்து நிலத்துக்காரர் வெயில் என்கிறார். தண்ணீர் நிற்கும் வயலை வெயில் என்ன செய்யும்?

பழைய நெல்லுக்காரர்:
தம்பி, ஒரு பிடி பதரை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நாவாய்ப்பூச்சி உறிஞ்சியிருந்தால் உமியில் சின்னதாகப் பழுப்புப் புள்ளி இருக்கும். குருத்துப்பூச்சி என்றால் கதிர் முழுக்க வெளுத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டும் இல்லாமல் நல்ல மணிகளுக்கு நடுவே காலி உமி இருந்தால் வெயில்தான்.

நெற்பூ காலை 9 மணிக்கு மேல் திறந்து, ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது. மகரந்தம் சேராமல் மூடிய உமி கடைசிவரை காலிதான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இரவுப் புழுக்கம். பகலில் சேர்த்த சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல் கணக்கை வைத்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருக்கிறது.

மார்கழி முதல் வாரம் நாற்று விட்டால் மாசியிலேயே பூத்துவிடும். பூக்கும் வாரத்தில் வயலைக் காயவிடாதீர்கள், கதிர் கொஞ்சமாவது குளிரும். காலையில் பூத்திருக்கும்போது மருந்தும் அடிக்காதீர்கள்.

ஆரணி அரிசி ஆலை:
பிழைத்த மணியும் உள்ளே மாவுபோல வெள்ளை பாய்ந்துதான் வருகிறது. புழுங்கலாக்கினால் ஓரளவு தாங்கும், பச்சரிசியாக அரைத்தால் நொய்தான். அதனால்தான் வியாபாரி விலையைக் குறைக்கிறார்.

2022 மார்ச் அனலில் பஞ்சாப், ஹரியானா கோதுமை இப்படித்தான் சுருங்கிப் போனது. அரசுக் கொள்முதலில் 6 சதவீதமாக இருந்த சுருங்கிய மணி வரம்பை 18 ஆக்க வேண்டி வந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்கும் தடை, உடனே சிகாகோ சந்தையில் விலை எகிறியது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு ஏற்றுமதித் தடை வந்ததும், ஆகஸ்டில் உலக அரிசி விலை 15 ஆண்டு காணாத உயரத்துக்குப் போனது. வெளிநாட்டில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் விளைவித்தவர் கைக்கு வரவில்லை, இது எனக்கு ஆறவே இல்லை.

வந்தவாசி அக்கா:
பெரியவர் சொல்கிற மார்கழி நாற்று எங்கள் பக்கம் நடக்காது. சம்பா அறுக்கவே தை ஆகிவிடுகிறது. தாமதமான வருடம் நெல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், உளுந்தோ எள்ளோ போடுங்கள். ஆள் பிரச்சினையும் இருக்கிறது. களையெடுக்க வருகிற பெண்கள் 11 மணிக்கு மேல் வயலில் நிற்க முடிவதில்லை, தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். 2030இல் வெப்பத்தால் இந்தியாவின் வேலை நேரத்தில் 5.8 சதவீதம் போகும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணக்குச் சொன்னது. எங்கள் வயலில் பங்குனியிலேயே பாதி நாள் போகிறது.

செய்யாறு விவசாயி:
இப்போதுதான் பார்த்தேன், உமியில் புள்ளி இல்லை. தேவையில்லாமல் மருந்துக்குச் செலவழித்திருக்கிறேன். அக்கா, உளுந்தில் எந்த ரகம் போடலாம்?

வந்தவாசி அக்கா:
வம்பன் 8 பாருங்கள் தம்பி, மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். மாசிக்குள் விதைத்துவிடுங்கள்.