ஓட்ஸ் விதைத்த கதை: உங்கள் மூடுபயிர் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முட்டுக்காடு பக்கம் எங்களுக்கு ஐந்து சென்ட் மணல் மனை. 2022 செப்டம்பரில் வெப்பாலை, மகிழம், நாவல், புங்கன் என்று நாட்டு மரக்கன்றுகளாக வைத்தோம். இடையில் கிடந்த வெற்று மணலை மழை அரித்துவிடுமே என்று கவலை. மண்ணைப் போர்த்திக் காக்கும் மூடுபயிர் ஏதாவது போட நினைத்தோம். மினசோட்டாவில் இருக்கும் அக்கா மகள், "சித்தி, ஓட்ஸ் போடுங்க" என்றாள். அங்கே புல்வெளிகளை மீட்கும்போது நாட்டுச் செடி விதைகளோடு ஓட்ஸையும் சேர்த்து விதைப்பார்களாம். மற்ற விதைகள் நிதானமாக முளைக்கும். அதற்குள் ஓட்ஸ் எழும்பி மண்ணைப் பிடித்து, களையை அமுக்கி, கடும்பனியில் தானே செத்து, மண்ணைப் போர்த்தும் மூடாக்காகிவிடும்.

சென்னையில் எந்தப் பனி வந்து கொல்லும்? இருந்தாலும் ஆசை விடவில்லை. வீட்டுக்காரர் கஞ்சிக்கு வாங்கிய பாக்கெட்டைத் தூவிப் பார்த்தார். ஆவியில் வேகவைத்து நசுக்கியது எப்படி முளைக்கும்? எறும்புக்குத்தான் விருந்து. அப்புறம் குதிரைத் தீவனம் விற்கும் கடையில் உமியோடு இருந்த முழு ஓட்ஸ் வாங்கி, அக்டோபர் கடைசியில் தூவினோம். ஒரே வாரத்தில் பச்சைப்பசேல். நவம்பர் மழைக்கு மணல் ஓடவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நெருக்கமாகத் தூவிவிட்டோம். மழையில் சாய்ந்த பயிருக்கு அடியில் முழங்கால் உயரக் கன்றுகள் வெளிச்சமில்லாமல் வெளுத்துப்போயின. பனிக்குப் பதில் நாங்களே அரிவாளோடு இறங்கினோம். மிச்சம் விட்ட கதிருக்கு ஜனவரியில் சில்லைக் குருவிகள் வந்தன.

—

கேளம்பாக்கத்திலிருந்து: அக்கா, ஓட்ஸ் மண்ணிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுக்கும், புதிதாகச் சேர்க்காது. நான் சணப்பை போட்டேன். வேர் முடிச்சிலேயே தழைச்சத்து சேரும். 45 நாளில், பூக்கும் பருவத்தில் வெட்டிவிட வேண்டும். நான் மாலை போட்டு மலைக்குப் போய் வருவதற்குள் நாள் தள்ளிப்போய் ஆளுயரம் நின்றது. தண்டு முற்றி நாராகி அரிவாள் இறங்கவில்லை. கயிறு திரிக்கிற செடி, வேறென்ன செய்யும்!

—

வேளச்சேரி: எங்களுடையது தண்ணீர் தேங்கும் களிமண். கொள்ளு அழுகியது, தக்கைப்பூண்டு நின்றது. அவ்வளவுதான்.

—

சரி, இந்த ஐப்பசிக்கு ஓட்ஸைக் குறைத்துத் தட்டைப்பயறோடு கலந்து தூவப்போகிறேன், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் இரண்டடி விட்டு. தட்டைப்பயறில் கொடி ஓடாத ரகம் யாரிடமாவது இருக்கிறதா?