சாவரின்டியை பிரீக்னஸில் இறக்காதது சரியா? 2025 சீசன் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நாகலூர்க்காரன்:

மே மாசத்திலிருந்து மனசில் கிடக்கிற கேள்வி, இங்கே கேட்டுவிடுகிறேன். 2025-ல் அமெரிக்காவில் சாவரின்டி என்கிற குதிரை கென்டக்கி டெர்பியை ஜெயித்தது, பெல்மான்டையும் ஜெயித்தது. நடுவில் இருக்கிற பிரீக்னஸில் மட்டும் டிரெய்னர் பில் மாட் அதை இறக்கவில்லை. இறக்கியிருக்க வேண்டுமா, வேண்டாமா?

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. சின்ன வயசில் அப்பா வருஷம் ஒரு தடவை ஊட்டி ரேஸுக்குக் கூட்டிக்கொண்டு போவார். மலை இறங்கி சேலம் வந்து, பஸ் மாறி, மறுபடி இன்னொரு மலை ஏற வேண்டும். அவர் ஒரு ரூபாய் கட்டி நான் பார்த்ததில்லை. வேலியை ஒட்டி நிற்பார், குதிரைகள் கடக்கும்போது என் தோளை அழுத்திப் பிடிப்பார், அவ்வளவுதான். 2024 சீசன்தான் அங்கே கடைசி. அந்த ஜூலையில் 52 ஏக்கர் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. கோடை வந்தால் கை கால் ஓடாமல் இருந்தது, சரி என்று அமெரிக்க சீசனை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை போனிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

டெர்பி அங்கே சனிக்கிழமை சாயங்காலம் என்றால் நமக்கு ஞாயிறு விடிகாலை நாலரை. எங்கள் வீட்டில் சிக்னல் வாசல்படியில்தான் கிடைக்கும், போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டெர்பி நடக்கிற சர்ச்சில் டவுன்ஸில் மழை, டிராக் முழுக்கச் சேறு, ஜாக்கிகள் யார் யார் என்றே தெரியவில்லை, எல்லார் சட்டையும் ஒரே நிறம். ஜர்னலிசம் என்கிற குதிரைதான் ஃபேவரைட், சாவரின்டிக்குப் பந்தய விகிதம் 8-க்கு 1 அளவில் இருந்தது. ஸ்ட்ரெயிட்டில் இரண்டும் கொஞ்ச தூரம் தோளோடு தோள் வந்தன, அப்புறம் வெளிப்பக்கத்தில் சாவரின்டி நீண்டுகொண்டே போனது. ஒன்றரை லெங்த், அதாவது ஒன்றரைக் குதிரை நீளம். மூன்றாவது பாயேசா. நான் படியில் எழுந்து நின்றதில் பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன.

சில நாளிலேயே பிரீக்னஸ் கிடையாது, ஐந்து வாரம் ஓய்வு, நேராக பெல்மான்ட் என்று சொல்லிவிட்டார்கள். தேர் ஊரெல்லாம் சுற்றி நம் தெருவுக்கு மட்டும் வராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. ஒரே வருஷம் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஜெயித்தால் கிடைக்கிற டிரிபிள் கிரவுனை இதுவரை 13 குதிரைதான் வாங்கியிருக்கின்றன, கடைசியாக 2018-ல் ஜஸ்டிஃபை. பெல்மான்டில் வேறு யாராவது ஜெயித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அங்கேயும் சாவரின்டி, ஜர்னலிசம், பாயேசா, டெர்பியில் வந்த அதே மூன்று, அதே வரிசை. அப்படியானால் பிரீக்னஸும் நம்முடையதாகத்தானே இருந்திருக்கும்? குதிரை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை:

ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஐந்து வாரத்தில் மூன்று ரேஸ் என்பது கஷ்டமாக இருப்பதால்தான் அந்தக் கிரீடத்துக்கு மதிப்பு. 1978-ல் அஃபர்ம்ட் வாங்கியதற்கு அப்புறம் 37 வருஷம் காத்திருந்து 2015-ல் அமெரிக்கன் ஃபாரோ வந்தபோது ஜனங்கள் அழுதார்கள், அந்த அழுகை சும்மா வரவில்லை. இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே இருக்கிற டிரிபிள் கிரவுனில் மூன்று ரேஸும் மே தொடக்கம் முதல் செப்டம்பர் வரை நன்றாக இடைவெளி விட்டுத்தான் இருக்கின்றன, ஆனாலும் 1970-ல் நிஜின்ஸ்கிக்குப் பிறகு யாரும் வாங்கவில்லை, காரணம் பெரும்பாலும் யாரும் முயற்சி செய்வதே இல்லை. 2012-ல் கேமலாட்டை இறக்கினார்கள், கடைசி ரேஸான செயின்ட் லெஜரில் இரண்டாவதாக வந்தது, தோற்றாலும் அந்த முயற்சியை இன்றைக்கும் பேசுகிறோமே. முதலாளிகள் எல்லாரும் பத்திரம் பத்திரம் என்று ஒதுங்க ஆரம்பித்தால் அமெரிக்காவிலும் அதே கதைதான் ஆகும்.

எனக்கு 2025-ன் குதிரை ஜர்னலிசம். மூன்றிலும் ஓடியது, ஒன்று ஜெயித்து இரண்டில் இரண்டாவது. நாகலூர்க்காரரே, கோபத்தில் பிரீக்னஸை அரைக்கண்ணால்தான் பார்த்தீர்களோ என்னவோ, தயவுசெய்து திரும்பப் போட்டுப் பாருங்கள். 150-வது பிரீக்னஸ், பழைய பிம்லிகோ மைதானத்தை இடித்துக் கட்டுவதற்கு முன்னால் நடந்த கடைசி ரேஸ். கடைசித் திருப்பம் முடிந்து ஸ்ட்ரெயிட்டுக்கு வரும்போது ஜர்னலிசம் இரண்டு குதிரைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னால் வழி இல்லை. இரண்டு பக்கமும் இடி. ஒரு நொடி அது தடுமாறியது, உம்பெர்ட்டோ ரிஸ்போலி கடிவாளத்தை இழுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ரேஸ் அதோடு போயிருக்கும். அவர் இழுக்கவில்லை. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டத்தில் தோளைக் கொடுத்துப் புகுந்து போவோமே, அந்தக் குதிரை அப்படிப் புகுந்தது. அதற்குள் காஸ்கர் என்கிற குதிரை தனியாகப் பிரிந்து போய்விட்டது, எட்டவே முடியாத தூரம் என்று நினைத்தேன். கடைசியில் அரை லெங்த்தில் ஜர்னலிசம். அப்புறம் ஜூலையில் ஹாஸ்கல் ரேஸையும் ஜெயித்தது. ஓய்வெடுக்காமல் ஓடின குதிரைக்கு என்ன கெட்டுப்போனது?

அடிவாரம் டீக்கடை:

தம்பிகளா, நான் பெங்களூரில் இருபது வருஷத்துக்கு மேல் சைஸாக, அதாவது குதிரை பராமரிக்கிறவனாக இருந்தவன், இப்போது மலை அடிவாரத்தில் டீக்கடை. அமெரிக்கா பார்த்ததில்லை, ஆனால் குதிரையின் கால் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ரேஸ் நடந்த மறுநாள் விடிகாலை லாயத்துக்குள் போனதும் நாங்கள் முதலில் பார்ப்பது குதிரையை அல்ல, தீவனத் தொட்டியை. ராத்திரி வைத்த ஓட்ஸ் துடைத்துக் காலியாக இருந்தால் பாதிக் கவலை போச்சு. அடியில் இரண்டு கை மிச்சம் இருந்தால் அது நேற்று தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் குந்தி உட்கார்ந்து முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்க நரம்பை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவ வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு. இடது கால் ஒரு தடவை, வலது கால் ஒரு தடவை. இரண்டிலும் சூடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் கொஞ்சம் வெதுவெதுப்பு கூடுதலாகத் தெரிந்தாலும் டிரெய்னரை எழுப்பிவிட வேண்டியதுதான். அதற்கப்புறம்தான் வெளியே நடத்திப் பார்ப்போம். வலி இருக்கிற காலை ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது இறக்கும். டிவியில் ரேஸ் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. மாட் அப்படிப் பல ஆயிரம் விடிகாலை பார்த்தவர்.

டெர்பியில் அந்தக் குதிரை எவ்வளவு கொடுத்தது என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜாக்கி ஜூனியர் ஆல்வராடோ சாட்டையை 8 தடவை பயன்படுத்தினார், விதிப்படி 6 தான், அதற்கு 62,000 டாலர் அபராதமும் இரண்டு நாள் தடையும் போட்டார்கள். ஜாக்கி அவ்வளவு கேட்டிருக்கிறார், சேற்றில், 2000 மீட்டர். ஜர்னலிசத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மாபேட்டைத் தம்பி கேட்கிறார், நியாயம். எல்லாக் குதிரையும் ஒன்று இல்லை. சிலது மறுநாளே தொட்டியைக் காலி செய்யும், சிலதுக்குப் பத்து நாள் ஆகும்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு பெண் குதிரை, பேர் வேண்டாம், பெரிய ரேஸில் இரண்டாவதாக வந்தது. பதினைந்தாம் நாள் மறுபடி ஓட வேண்டும் என்று முடிவானது. காலில் சூடு இல்லை, நானே தடவிப் பார்த்துச் சரி என்று சொன்னவன்தான். ஆனால் தொட்டியில் தினமும் ஒரு கை மிச்சம் இருந்தது, அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக வந்தது. மறுநாள் இடது காலைத் தொட்டால் சுட்டது. அதற்கப்புறம் அது ரேஸே ஓடவில்லை. இப்போதும் விடிகாலையில் பால் கொதிக்கும்போது அந்தத் தொட்டி ஞாபகம் வரும்.

அதனால் என் பதில்: விட்டது சரி. ஐந்து வாரம் கொடுத்தார்கள், பெல்மான்ட் ஜெயித்தது, ஜிம் டாண்டி ரேஸ் ஜெயித்தது, ஆகஸ்ட்டில் டிராவர்ஸ் ரேஸை 10 லெங்த்தில் ஜெயித்தது. ஜஸ்டிஃபை மூன்றையும் ஜெயித்ததே, அதற்கப்புறம் ஒரு ரேஸ் கூட ஓடவில்லை. டிரெய்னர் பில் மாட்டுக்கு 2019-லும் கன்ட்ரி ஹவுஸ் மூலமாக டெர்பி கிடைத்தது, முதலில் வந்த குதிரையைத் தகுதிநீக்கம் செய்து கொடுத்தார்கள். அந்தக் குதிரையும் அப்புறம் ஓடவே இல்லை. அதைப் பார்த்த மனுஷன் இதை எப்படி அவசரப்படுத்துவார்?

செவ்வாய்ப்பேட்டை ராத்திரி ஷிப்ட்:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பெல்மான்ட் என்றால் 2400 மீட்டர், அதுதான் மூன்றிலும் பெரிய சோதனை, பல கிரீடக் கனவு அங்கேதான் உடைந்திருக்கிறது. பெல்மான்ட் பார்க்கில் கட்டட வேலை நடந்ததால் 2024-லும் 2025-லும் சரடோகா மைதானத்தில் வைத்து 2000 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். மூன்றும் ஜெயித்திருந்தாலும் 2400 ஓடாத கிரீடம் என்று ஆயுசுக்கும் ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகையில் நான் டீக்கடை அண்ணன் பக்கம்.

என் வருத்தம் பிரீக்னஸ் இல்லை, நவம்பர்தான். டெல் மாரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்கிற பெரிய ரேஸுக்குச் சில நாள் முன்னால் சாவரின்டிக்குக் காய்ச்சல் வந்து பெயரை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து ஃபாரெவர் யங் என்கிற குதிரை வந்திருந்தது. 2024 டெர்பியில் மூக்கு வித்தியாசத்தில் மூன்றாவது, அதே வருஷம் கிளாசிக்கிலும் மூன்றாவது, மறுபடி கடல் தாண்டி வந்து இந்தத் தடவை சியரா லியோன் என்கிற குதிரையை அரை லெங்த்தில் ஜெயித்தது. ஜப்பானில் பயிற்சி பெற்ற குதிரை ஒன்று கிளாசிக் ஜெயிப்பது அதுதான் முதல் தடவை. ஷிப்ட் நடுவில் ஒளித்து வைத்துப் பார்த்தேன், ஜாக்கி ரியுசெய் சகாய் கையைத் தூக்கியதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதன் பக்கத்தில் சாவரின்டியும் ஓடியிருந்தால்! அந்த ஒரு ரேஸுக்காக நான் மூன்று கிரீடத்தையும் விட்டுக்கொடுப்பேன்.

அடிவாரம் டீக்கடை:

காய்ச்சல் விஷயத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காலையும் சாயங்காலமும் தெர்மாமீட்டர் வைப்போம். குதிரைக்கு 101 டிகிரி வரை சாதாரணம். 102 தாண்டினால் கிளாசிக் ஆனாலும் சரி, சந்தைக்குப் போகிற நடை ஆனாலும் சரி, லாயத்தை விட்டு வெளியே எடுக்கக் கூடாது.

அம்மாபேட்டை:

தொட்டிக் கதையை இரண்டு தடவை படித்தேன் அண்ணா. என் கருத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மீதிப் பாதிக்கு ஒரு வழி சொல்கிறேன்: டெர்பிக்கும் பிரீக்னஸுக்கும் நடுவில் இரண்டு வாரம் என்கிற இடைவெளியையே மாற்றட்டும். நம் ஊர் டிரிபிள் கிரவுனில் இந்தியன் 2000 கினீஸ் டிசம்பரில், டெர்பி பிப்ரவரி முதல் ஞாயிறு, செயின்ட் லெஜர் செப்டம்பரில் புனேயில். இங்கே இடைவெளி தாராளமாக இருக்கிறது, அதற்காகக் கிரீடம் மலிந்துவிட்டதா என்ன? மாதம் ஒன்று என்று வைத்தால் மாட் மாதிரி ஆட்களும் இறக்குவார்கள், குதிரையும் பிழைக்கும்.

நாகலூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பிரீக்னஸைத் திரும்பப் பார்த்தேன், அம்மாபேட்டை சொன்னது உண்மை, மே மாசத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை, இல்லாத குதிரையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஜர்னலிசம் அந்த இரண்டு குதிரைக்கு நடுவில் புகுந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன். இத்தனை நாள் அந்த ரேஸை வெறுத்து வைத்திருந்ததற்கு அந்தக் குதிரையிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் போல இருக்கிறது.

டீக்கடை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் அப்பா ஊட்டியில் ரேஸ் முடிந்த உடனே கிளம்ப விடமாட்டார் என்பது ஞாபகம் வந்தது. குதிரைகளை நடத்திக்கொண்டு திரும்பும் வரை நிற்க வைப்பார், பஸ் போய்விடும் என்று நான் அழுவேன். “நடை பாருடா” என்பார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று இப்போதுதான் விளங்குகிறது. தலை தூக்குகிறதா, இறக்குகிறதா என்று.

2026 டெர்பி மே 2, நமக்கு 3-ம் தேதி ஞாயிறு விடிகாலை. ராத்திரி சேலத்தில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு உங்கள் கடைக்கு வரலாமா? போன் நான் கொண்டுவருகிறேன்.

அடிவாரம் டீக்கடை:

தாராளமாக வாங்க தம்பி. பால் வண்டி மூன்றரைக்கு வரும், கடை அப்போதே திறந்திருக்கும். போன் வேண்டாம், கடையில் டிவி இருக்கிறது, பையன் இணைத்துக் கொடுப்பான். செவ்வாய்ப்பேட்டைத் தம்பிக்கு அன்றைக்கு ஷிப்ட் இல்லையென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க.